வீடு வாங்குவதில் வகாலத்தும் தரகும்

குடியிருக்க ஒரு வீடு அமைவது அல்லாஹு தஆலா மனிதனுக்கு அருளும் பெரும் நிஃமத்துகளில் ஒன்றாகும். வீடுகளை நமக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்திருப்பதைத் திருக்குர்ஆனின் 'அந்நஹ்ல்' அத்தியாயத்தில் தன் அருட்கொடைகளுள் ஒன்றாகவே அவன் எடுத்துக் கூறுகிறான். விசாலமான இல்லமும் நல்ல அண்டை வீட்டாரும் ஒருவருடைய நற்பாக்கியத்தைச் சேர்ந்தவை என்ற கருத்தில் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களும் அருளியிருக்கிறார்கள்.

இத்தகைய வீட்டை நம்மில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு முறைதான் வாங்குகிறோம். வளைகுடா நாட்டிலோ மலேசியா, சிங்கப்பூரிலோ பல ஆண்டுகள் உழைத்த பணம், மனைவியின் நகை, பெற்றோர் விட்டுச் சென்ற பங்கு ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் ஒரு கிரயப் பத்திரமாக மாறுகின்றன. அந்தப் பணத்துக்கும் பத்திரத்துக்கும் இடையில் ஒரு மனிதர் நிற்கிறார். அவரைத் தரகர் என்கிறோம், புரோக்கர் என்கிறோம். உறவினராக இருந்தால் மாமா என்றும் மச்சான் என்றும் அழைக்கிறோம். அவர் யாருடைய ஆள், எதற்காக உழைக்கிறார், யாரிடம் கூலி வாங்குகிறார் என்ற மூன்று கேள்விகளை ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்பவர் நம்மில் மிகக் குறைவு. ஒளுவின் ஃபர்ளுகளை விரல் விட்டு எண்ணத் தெரிந்தவர்கள்கூட வகாலத்தின் மஸ்அலாக்களைக் கேட்டறியாமல் லட்சக்கணக்கான ரூபாயைப் பிறர் கையில் கொடுத்து விடுகிறார்கள். பின்னால் எழுகிற மனஸ்தாபங்களில் பெரும் பகுதி இந்த இடத்திலிருந்தே பிறக்கிறது. ஆகவே இம்மாதம் இந்த மஸ்அலாவைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வகீல் யார்? தரகர் யார்?

நீதிமன்றத்தில் நமக்காக வாதாடுபவரை வக்கீல் என்றும், அவருக்கு நாம் எழுதிக் கொடுப்பதை வக்காலத்து என்றும் சொல்கிறோம். இவ்விரண்டும் அரபு மொழியின் 'வகீல்', 'வகாலத்' என்ற சொற்களே. தான் செய்யக்கூடிய ஒரு காரியத்தைத் தனக்காகச் செய்யுமாறு மற்றவரிடம் ஒப்படைப்பது வகாலத்தாகும். ஒப்படைத்தவர் 'முவக்கில்'. ஏற்றுக்கொண்டவர் 'வகீல்'. வகீலின் கையில் இருப்பது அமானிதம். கவனக்குறைவோ வரம்பு மீறுதலோ இல்லாமல் நஷ்டம் வந்தால் அவர் பொறுப்பாளியல்லர். ஆனால் முவக்கிலுக்குப் பாதகமாக அவர் நடந்தால் அது மோசடியாகும். எதிர்க்கட்சிக்காரரிடமும் பணம் வாங்கிக்கொண்டு நமக்காக வாதாடும் வக்கீலை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

தரகரை அரபியில் 'ஸிம்ஸார்' அல்லது 'தல்லால்' என்பார்கள். விற்பவரையும் வாங்குபவரையும் சந்திக்க வைத்து, இருவருக்கும் இடையில் விலையைப் பேசி முடிப்பவர் அவர். இதுவும் ஆகுமான தொழிலே. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தங்கள் ஸஹீஹில் தரகுக் கூலிக்கென்றே ஒரு பாடம் அமைத்து, இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய தாபிஈன்கள் அக்கூலியில் குற்றம் காணவில்லை என்று பதிவு செய்திருக்கிறார்கள். கைஸ் இப்னு அபீ ஃகரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தியும் உண்டு. மதீனாவில் தரகர்கள் என்று அழைக்கப்பட்டு வந்த தங்களை, நாயகம் (ஸல்) அவர்கள் 'வணிகர்கள்' என்ற மேலான பெயரால் அழைத்ததாகவும், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்து விடுவதால் அதனுடன் ஸதக்காவையும் கலந்து கொள்ளுமாறு பணித்ததாகவும் அவர்கள் கூறுகிறார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய கிரந்தங்களில் இது காணப்படுகிறது.

ஆக, இரண்டுமே ஹலாலான வேலைகள்தாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வகீல் ஒரு பக்கத்தின் ஆள். தரகர் நடுவில் நிற்பவர். நம் ஊர்களில் நடக்கும் குழப்பம் என்னவென்றால், நடுவில் நிற்பவரை நாம் நம்முடைய வகீல் என்று எண்ணிக்கொள்கிறோம். அவரும் நம்மிடம் வகீலைப் போலவே பேசுகிறார். விற்பவரிடம் போனால் அவருடைய வகீலாகப் பேசுகிறார். நம்மால் எவ்வளவு வரை கொடுக்க முடியும் என்பதை மனம் விட்டுச் சொல்லியிருப்போம். மறுநாள் அதே தொகையை விற்பவர் விலையாகக் கேட்பார்!

முன்னோர் காட்டிய இரு முன்மாதிரிகள்

வாங்குபவருடைய வகீல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களுடைய வரலாறு தெளிவான சான்றாகும். ஓர் ஆடு வாங்கி வருமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் சாமர்த்தியத்தால் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்து ஒப்படைத்தார்கள். அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். மண்ணை வாங்கினாலும் லாபம் காண்பவராக அதன் பின் அவர் ஆகிவிட்டார் என்று புகாரி ஷரீஃபில் வருகிறது. 'ஆடு கேட்டார்கள், ஆடு கொடுத்தாயிற்று. தீனார் என் திறமைக்குக் கிடைத்தது' என்று அந்த ஸஹாபி எண்ணவில்லை. முவக்கிலின் பணத்தால் வந்த லாபம் முவக்கிலுக்கே உரியது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது முன்மாதிரி வீடு வாங்கியதைப் பற்றியதே. உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத்தில் மக்காவின் ஆளுநராக இருந்த நாஃபிஉ இப்னு அப்தில் ஹாரிஸ் (ரலி) அவர்கள், சிறைச்சாலை அமைப்பதற்காக ஸஃப்வான் இப்னு உமையா (ரலி) அவர்களிடமிருந்து ஒரு வீட்டைப் பேசி முடித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் சம்மதித்தால் கிரயம் நிலைக்கும், சம்மதிக்காவிட்டால் ஸஃப்வானுக்கு 400 கொடுக்கப்படும் என்பது நிபந்தனை. இதையும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் எடுத்து எழுதியுள்ளார்கள். யாருக்காக வாங்குகிறோம் என்பதை நாஃபிஉ (ரலி) அவர்கள் மறைக்கவில்லை. முடிவுச் சொல் முவக்கிலுடையது என்பதை விட்டுக் கொடுக்கவில்லை. முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். இன்று ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் போடுபவருக்கு இம்மூன்றும் போதுமான பாடமாகும்.

'மஹல்லாவையும் தெருவையும் சொல்'

வகீலை நியமிக்கும்போது என்ன சொல்ல வேண்டும்? 'நல்ல வீடா ஒண்ணு பாருங்க பாய்' என்று சொன்னால் போதுமா? ஷாஃபிஈ மத்ஹபின் பிரசித்தி பெற்ற 'மின்ஹாஜ்' கிதாபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு நேரடியாகவே பதில் தந்திருக்கிறார்கள். வீடு வாங்க ஒருவரை வகீலாக்கினால் மஹல்லாவையும் தெருவையும் தெளிவுபடுத்துவது அவசியம் என்றும், விலையின் அளவைச் சொல்வது மிகச் சரியான கருத்தின்படி அவசியமில்லை என்றும் அவர்கள் விதித்திருக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபின் 'ஹிதாயா'வோ வீட்டின் வகையுடன் விலையையும் குறிப்பிடுவதை எடுத்துக் கூறுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதே பேணுதல்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வஃபாத்தானது ஹிஜ்ரி 676-ல். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெருப் பெயர் வரை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், இன்று நாம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும்! ஆகவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த மஹல்லா, பள்ளிவாசலும் பிள்ளைகளின் மதரஸாவும் எவ்வளவு தொலைவு, எத்தனை சதுர அடி, தனி வீடா, அடுக்குமாடியா, குடிநீரும் சாக்கடையும் எப்படி, மழைக் காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா. கையில் இருக்கும் மொத்தப் பணம் வேறு, வீட்டின் விலை வேறு என்பதையும் மறவாதீர்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதும் கூலி, வழக்கறிஞர் கட்டணம், தரகு, பழுது பார்க்கும் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதே வீட்டுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய விலை.

யாரை அமர்த்துவது?

ஷுஐப் (அலை) அவர்களின் மகளார் மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி தம் தந்தையிடம் கூறியபோது இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டார்கள். ஒன்று, வலிமை, மற்றொன்று, நம்பகம். தரகரிடம் வலிமை என்பது அத்தெருவின் விலை நிலவரமும் பத்திர விவரமும் அறிந்திருப்பது. நம்பகம் என்பது தாம் அறிந்ததை மறைக்காமல் சொல்வது. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பயனில்லை. தொழுகையாளி, நல்ல மனிதர் என்பதற்காக மட்டும் விவரம் அறியாதவரிடம் ஒப்படைப்பது சரியல்ல. ஹிஜ்ரத் பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது இஸ்லாத்தில் இருந்தவரல்லர். பாதை அறிந்தவராகவும் நம்பத்தக்கவராகவும் இருந்தார் என்பதே அவரைத் தேர்ந்ததற்குக் காரணம்.

புதிய அடுக்குமாடியோ, புதிதாகப் பிரிக்கப்பட்ட மனையோ வாங்குகிறவர்கள் ஒரு சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் விற்பனைக்கு இடைநிற்கும் முகவர் தாமும் ஆணையத்தில் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். அத்திட்டங்களில் எழுத்து மூலமான ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கவும் அச்சட்டம் கட்டுபவரை அனுமதிக்கவில்லை. ஆனால் தெருவிலுள்ள ஒரு பழைய வீட்டை ஒருவர் மற்றவருக்கு விற்பது அச்சட்டத்தின் கீழ் வருவதில்லை. அங்கே தரகரை அளந்து பார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையிலேயே விழுகிறது.

கூலியைப் பேசாமல் தொடங்காதீர்கள்

தரகுக் கூலி இரண்டு விதமாக அமையலாம். குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட கூலி என்பது 'இஜாரா'. காரியம் முடிந்தால் இவ்வளவு தருகிறேன் என்பது 'ஜுஆலா'. ஜுஆலாவில் காரியம் முடியாவிட்டால் கூலி இல்லை. எதுவானாலும் தொகை அறியப்பட்டதாக இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று பேசும் வழக்கம் பரவியிருக்கிறது. விலை முடிவாகும் வரை தொகை இன்னதென்று தெரியாததால் இதுபற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. அன்றியும், விலை ஏற ஏறக் கூலியும் ஏறும் என்றால், விலையைக் குறைத்துத் தர வேண்டிய வகீலுக்கு விலை ஏறுவதில் லாபம் வந்து விடுகிறது. வாங்குபவர் ஒரு தொகையை நிர்ணயித்துப் பேசிக்கொண்டால் இரு சங்கடங்களும் நீங்கும்.

இரண்டு பக்கமும் கூலி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தரகர் தாமே பொருளை விற்றால் கூலி விற்பவர் மீது; இருவருக்கும் இடையில் பேசி, உரிமையாளரே விற்றால் ஊர் வழக்கப்படி கூலி அமையும் என்று ஹனஃபீ ஃபிக்ஹு நூல்களில் வருகிறது. ஆகவே நடுவில் நிற்பவர் என்று இரு தரப்புக்கும் தெரிந்து, இரு தரப்பும் மனம் ஒப்பிக் கொடுத்தால் வாங்கலாம். ஆனால் 'நான் உங்க ஆளு' என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு மறு தரப்பிடம் இரகசியமாக வாங்குவது கியானத்தாகும். ஜகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள இந்தச் செய்தியை ஒவ்வொரு தரகரும், ஒவ்வொரு பத்திர எழுத்தரும் நினைவில் வைக்க வேண்டும். கட்டிட மேஸ்திரி, வங்கிக் கடன் வாங்கித் தருபவர், பெயிண்டர் என்று தரகர் யாரைச் சிபாரிசு செய்தாலும், அவர்களிடம் அவருக்குக் கமிஷன் உண்டா என்று கேட்பதும் தவறல்ல.

'மேல் வைத்து' வாங்குவது மற்றொரு வழக்கம். ஓர் உதாரணம் பார்ப்போம். விற்பவர் 38 லட்சத்துக்குச் சம்மதிக்கிறார். தரகர் உங்களிடம் 40 லட்சம் என்கிறார். நீங்கள் 40 லட்சமும் அதன் மேல் ஒரு விழுக்காடு தரகாக 40,000 ரூபாயும் கொடுக்கிறீர்கள். விற்பவருக்கு 38 போகிறது. 2 லட்சம் நடுவில் நின்று விடுகிறது. ஒரு துணியைக் கொடுத்து, இவ்வளவுக்கு விற்றுத் தா, அதற்கு மேல் கிடைப்பது உனக்கு என்று விற்பவர் சொல்வதில் குற்றமில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கருதியதாகப் புகாரியில் வருவது உண்மை. கூலி அறியப்படாததால் பெரும்பாலான இமாம்கள் அதை ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டாலும் அது விற்பவர் தம் ஆளுக்கு அறிந்தே கொடுப்பது. உங்களிடம் கூலி பேசி உங்கள் வகீலாக நிற்பவருக்கு அது பொருந்தாது. அவர் உங்களுக்காக 38 லட்சத்துக்கு முடித்திருந்தால் வீட்டின் விலை 38 லட்சமே. மீதி உங்கள் பணம். உர்வா (ரலி) அவர்கள் திருப்பிக் கொடுத்த தீனாரை நினைத்துப் பாருங்கள்.

வகீல் தம் சொந்த வீட்டையே முவக்கிலுக்கு விற்பதும் கூடாது. இன்ன வீடு என்று குறித்து வாங்கச் சொன்ன பிறகு, விலை மலிவென்று கண்டு அதைத் தமக்காக வாங்கிக்கொள்வதும் கூடாது. 'நாளைக் காலை இன்னொரு பார்ட்டி வந்து டோக்கன் போடப் போகிறார்' என்று இல்லாத ஆளைக் காட்டி விலை ஏற்றுவது, நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த 'நஜ்ஷ்' என்ற வஞ்சகத்தைச் சேர்ந்தது.

தரகருக்கும் நம்மிடம் உரிமை உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது நீதியாகாது. தரகர் வெயிலில் அலைந்து பத்து வீடுகளைக் காட்டுகிறார். பதினோராவது வீடு பிடித்துப் போகிறது. உடனே வாங்குபவரும் விற்பவரும் தனியாகச் சந்தித்து, 'அவரை விட்டுவிட்டு நாமே முடித்துக்கொள்வோம், தரகு மிச்சம்' என்று முடித்து விடுகிறார்கள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமை நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹு தஆலா எச்சரித்திருப்பது புகாரியில் பதிவான ஹதீஸ் குதுஸீயாகும். மிச்சம் பிடித்த அந்தப் பணத்தால் வாங்கிய வாசற்கதவு வழியாகப் பரக்கத் எப்படி உள்ளே வரும்? பத்திரம் பதிவான அன்றே, கேட்கும்படி வைக்காமல் கூலியைக் கொடுத்து விடுங்கள்.

வீட்டைக் காட்டுவது அவர் வேலை, வேரைப் பார்ப்பது நம் கடமை

தரகர் எவ்வளவு நல்லவராயினும் சொத்தின் உரிமையை ஆராயும் கடமை வாங்குபவரை விட்டு நீங்காது. பிறருடைய நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக இடப்படும் என்ற எச்சரிக்கை நம்மை நடுங்க வைக்க வேண்டும்.

தாய்ப் பத்திரத்திலிருந்து இன்று வரை உள்ள தொடர்ச்சி, குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, நில அளவை வரைபடம், வீட்டு வரி ரசீது, கட்டிட அனுமதி ஆகியவற்றைத் தரகருடன் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள். தரகரே அழைத்து வரும் வழக்கறிஞர் போதாது. வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் எடுக்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றில் வருவது பதிவான விவகாரங்கள் மட்டுமே. அதில் வராத நான்கு விஷயங்கள் நம் சமூகத்தில் அதிகம்.

முதலாவது, பெண் மக்களின் பங்கு. தகப்பனார் மவுத்தான பின் மகன் தன் பெயருக்குப் பட்டா மாற்றி வீட்டை விற்கிறார். மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் என்று வாரிசுகள் இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று போக மீதியில் மகனுக்கு இரு பங்கும் மகள்களுக்கு ஒவ்வொரு பங்கும் சேரும். வீடு 32 லட்சம் பெறுமானால் தாய்க்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு 7, 7 லட்சம். மகன் மட்டும் கையெழுத்திட்டால் 18 லட்சம் பெறுமான பிறர் சொத்தை அவர் விற்கிறார், நீங்கள் வாங்குகிறீர்கள். 'அக்கா, தங்கைகளுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு' என்பது மார்க்கத்தில் பதிலாகாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது முறைப்படி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்பெண்களை நேரில் பார்த்து, மனம் ஒப்பித்தானே என்று கேட்டுக்கொள்வது இன்னும் சிறந்தது.

இரண்டாவது, ஹிபா. முஸ்லிம்கள் வாய்மொழியாகச் செய்யும் ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பது நம் நாட்டு நீதிமன்றங்கள் ஏற்ற விதி. எழுத்தில் செய்தாலும் அவ்வாறே என்று 2011-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தகப்பனார் தம் ஆயுளிலேயே ஒரு மகளுக்குக் கொடுத்து ஒப்படைத்த வீடு வில்லங்கச் சான்றில் தெரியாது. வீட்டில் யார் குடியிருக்கிறார், எந்த உரிமையில் இருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். அண்டை வீட்டாரிடமும் கேளுங்கள்.

மூன்றாவது, வக்ஃபு. பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ வக்ஃபு செய்யப்பட்ட இடத்தை விற்க எவருக்கும் உரிமையில்லை. பழைய தெருக்களில் வாங்குகிறவர்கள் ஜமாஅத்திலும் வக்ஃபு வாரியத்திலும் விசாரிப்பது அவசியம்.

நான்காவது, பவர் பத்திரம். வகாலத் முவக்கிலின் மவுத்துடன் முடிந்து விடுகிறது என்பது ஃபிக்ஹின் சட்டம். பொதுவாக நாட்டுச் சட்டமும் அதுவே. பவர் வைத்திருப்பவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா, பவரை ரத்துச் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். பவர் பத்திரத்தையே வாங்கி வைத்துக்கொண்டு வீடு வாங்கியாயிற்று என்று இருக்க முடியாது. பதிவு செய்த கிரயப் பத்திரமின்றி உரிமை மாறாது என்று 2011-ல் உச்சநீதிமன்றம் திட்டமாகக் கூறிவிட்டது.

முன்பணமும் பத்திரமும்

'டோக்கன் அட்வான்ஸ்' கொடுத்துவிட்டு, வாங்க முடியாமல் போனால் அது போனதுதான் என்பார்கள். இது ஃபிக்ஹில் 'உர்பூன்' எனப்படும். இமாம்கள் அபூஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் இதைக் கூடாதென்றும், இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் முன்சொன்ன நாஃபிஉ (ரலி) அவர்களின் செய்தியைக் கொண்டு கூடுமென்றும் கருதுகிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ மக்களாகிய நாம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையுடன் பேசுவதே பேணுதல். பத்திரங்களில் குறை கண்டால் பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் உள்ளது. வீட்டுக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டத்தில் 2015-ல் வந்த விதி தடுக்கிறது. வங்கி மூலம், விற்பவரின் கணக்குக்கே அனுப்புங்கள். தரகர் கையில் கொடுக்காதீர்கள். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதாக இருக்கிறதே, அதன் ஹிக்மத் இதுதான்! தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதச் சொல்பவரும் உண்டு. பொய்யை எழுதிச் சாட்சியம் இடுவது முஃமினுக்கு அழகல்ல. நாளை வழக்கு வந்தால் கொடுத்த பணத்துக்கு ஆதாரமும் இராது. வட்டிக்குக் கடன் வாங்கித் தருவதாகத் தரகர் சொன்னால், வட்டியை எழுதுபவரும் சாட்சியிடுபவரும்கூடச் சபிக்கப்பட்டவர்களில் சேர்க்கப்பட்டிருப்பதை நினைவில் வைத்து, சிறிய வீட்டோடு பொறுமை கொள்வதே மேல்.

சில ஐயங்கள்

கேள்வி: கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மனைவி அவருக்காக வீடு பார்க்கிறார். அவர் வேறொருவரை வகீலாக்கலாமா?

பதில்: வகீல் தாம் செய்யக்கூடிய காரியத்துக்கு, முவக்கிலின் அனுமதியின்றி வேறு வகீலை நியமிக்கக் கூடாது. ஆகவே கணவர் தெளிவாக அனுமதி தர வேண்டும். வெளிநாட்டில் எழுதும் பவரை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். மனைவியின் மஹரோ நகையோ வீட்டுக்குப் போனால் அது கடனா, ஹிபாவா, பங்கா என்பதை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். நகை அவருடைய சொத்து. பேசாமல் விட்டால் பின்னால் பாகப்பிரிவினையில் அது மறைந்து போகும்.

கேள்வி: விலை முடிந்து, பத்திரத்தில் குறை தெரிந்ததால் வாங்கவில்லை. தரகு கொடுக்க வேண்டுமா?

பதில்: பதிவு முடிந்தால் கூலி என்று பேசியிருந்தால் கடமையில்லை. அலைச்சலுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் கொடுக்க வேண்டும். எதுவும் பேசாவிட்டால் ஊர் வழக்கத்தைப் பார்த்து மனம் ஒப்பி முடித்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே முன்னால் பேசுங்கள் என்கிறோம்.

கேள்வி: உறவினர் கூலியின்றி வாங்கித் தருகிறார். விற்பவர் அவருக்கு அன்பளிப்புக் கொடுத்தால்?

பதில்: கூலி வாங்காவிட்டாலும் அவர் வகீலே. உங்களிடம் சொல்லி, நீங்கள் சம்மதித்தால் ஆகும். மறைத்து வாங்கினால் ஆகாது.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறைகளை விளக்கினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் பேசினால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் இது பொருந்தும். நம் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, குர்ஆன் ஓதி, நம் ஜனாஸாவும் புறப்பட்டுச் செல்லப் போகிற வீடு அது. அதன் ஒரு செங்கல்லிலும் பிறர் உரிமை ஒட்டியிருக்காமல் பார்த்துக்கொள்வோமாக! நம் அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கவும், நம் இல்லங்கள் பரக்கத் பொருந்தியவையாக இருக்கவும் அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.